கதவைச் சாத்திக்கொண்டு பேசட்டும், விடுங்கள்

"பிள்ளைகளுக்கு ஈமான் குறைந்துவிட்டது, அதனால்தான் மனச்சோர்வு வருகிறது." ஜும்ஆ முடிந்து கலையும்போது நாம் எளிதாக வழங்கிவிடும் தீர்ப்பு இது. இது சரியென்றால், மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தால் பார்வையிழந்த நபி யஃகூப் (அலை) அவர்களைப் பற்றி என்ன சொல்வோம்? நபியின் உள்ளத்தை வாட்டிய துக்கம் நம் பிள்ளையைத் தீண்டாது என்று சொல்ல நாம் யார்?

இன்று உதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். காணொளி வழியே ஆலோசனை தருவோரும் பெருகியுள்ளனர். நம் பிள்ளைகளும் தயங்கித் தயங்கி அழைக்கிறார்கள். இரண்டொரு முறை பேசியதும் நிறுத்திவிடுகிறார்கள். உடனே, "இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்கிறோம்.

இதை நாம் மறுக்கிறோம். அந்த இழையை அறுப்பது பெரும்பாலும் நம் வீடுதான். கதவைச் சாத்தினால் "யாரோடு பேச்சு?" என்கிறார் உம்மா. கைபேசியை வாங்கிப் பார்க்கிறார் வாப்பா. பெண்பிள்ளை என்றால், "சம்பந்தம் பேசும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால்?" என்ற அச்சம் வேறு. காய்ச்சலுக்கு மாத்திரையை ஐந்து நாளும் தவறாமல் விழுங்கச் சொல்லும் நாம், மனத்தின் காயம் ஒரே அழைப்பில் ஆற வேண்டும் என்கிறோம். சேவை வழங்குவோரிடமும் குறை உண்டு. ஒவ்வொரு முறையும் புதிய குரலிடம் முதலிலிருந்து சொல்ல நேர்ந்தால் எந்தப் பிள்ளையும் சலித்துப்போகும். தொடர்ந்து ஒருவரே பேசுவதற்கு வழி செய்ய வேண்டும்.

"துஆவும் திக்ரும் போதாதா?" என்பார்கள். அவற்றை விடச் சொல்லவில்லை. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பித்தவர் நம் பெருமானார் (ஸல்). எந்த நோய்க்கும் மருந்துண்டு என்றவரும் அவர்களே. உடல்நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடமிருந்தது. மனநோய்க்கு மருத்துவம் பார்ப்பது மேற்கிலிருந்து வந்த புதுமை என்போர் நம் வரலாற்றையே அறியாதவர்கள்.

"மார்க்கம் அறியாத ஆலோசகர் பிள்ளையைக் குழப்பிவிட்டால்?" இந்தக் கவலை நியாயமானது. தொழுகையும் ஹலால் ஹராமும் தன் வாழ்வின் பகுதி என்று பிள்ளை முதல் நாளே சொல்லிவிடலாம். ஒத்துவரவில்லையா, ஆலோசகரை மாற்றுங்கள், ஆலோசனையை நிறுத்தாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் திரையோடு நில்லாமல் அன்றே மனநல மருத்துவரிடம் நேரில் அழைத்துச் செல்லுங்கள்.

பெற்றோரிடம் நாம் கேட்பது சிறிது. வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைக்கு ஓர் அறையைக் கொடுங்கள். வீட்டில் இடமில்லையெனில் ஜமாஅத் மத்ரஸாவின் ஓர் அறையைத் திறந்துவிடட்டும். "என்ன பேசினாய்?" என்று துருவாதீர்கள், "அடுத்தது எப்போது?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தின் உள்ளமும் நம் பொறுப்பே.