யாருடைய சம்மதம்?

ஆளப்படுகிறவர்களின் சம்மதத்திலிருந்துதான் அரசுக்கு அதிகாரம் பிறக்கிறது என்று 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். 1801-இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, எல்லா நாடுகளோடும் சமாதானம், வணிகம், நேர்மையான நட்பு என்று தன் வெளியுறவுக் கொள்கையை அறிவித்தார். கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த மனிதர் தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அவர்களிடம் யார் சம்மதம் கேட்டது?

1803-இல் நெப்போலியனிடமிருந்து லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார். பத்திரம் கைமாறியது. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளைக் கேட்கவில்லை; அடிமைகளைக் கேட்கிற பேச்சே இல்லை. நெப்போலியன் அதை விற்கத் துணிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், ஹெய்டித் தீவின் அடிமைகள் அவன் படையை முறியடித்துக்கொண்டிருந்தது. 1804 சனவரி 1-இல் ஹெய்டி விடுதலையை அறிவித்தது. எல்லோருடனும் நட்பு பேசிய ஜெஃபர்சன் அந்த நாட்டை அங்கீகரிக்கவில்லை. 1806-இல் அதனுடன் வணிகத்தையே தடை செய்தார். எல்லா நாடுகளும் என்றால் எசமான்களின் நாடுகள், அவ்வளவுதான். லிங்கன் காலத்தில், 1862-இல்தான் ஹெய்டிக்கு அமெரிக்காவின் அங்கீகாரம் கிடைத்தது. மகாத்மா ஃபுலே 1873-இல் 'குலாம்கிரி' நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியதும் அடிமைமுறையை ஒழித்ததற்காகத்தான், ஜெஃபர்சனின் அழகான வாக்கியங்களுக்காக அல்ல.

குரும்பகரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கதை எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். நம்ம மண்ணும் அதே பிரான்சு எழுதிக்கொடுத்த மண்தான்.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. இவர்கள் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். பிரெஞ்சிந்தியத் தேர்தல்கள் அடியாள் பலத்துக்கும் மோசடிக்கும் பேர் போனவை. அப்படிப்பட்ட தேர்தல்கள் வழியாக வந்தவர்கள்தான் நம் எல்லோருக்காகவும் கை தூக்கினார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-இல் ஒப்பந்தம். 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. இணைப்பு தவறு என்று சொல்ல வரவில்லை. அது நடந்தே ஆகவேண்டியது. குரும்பகரத்துப் பண்ணையாளிடம் யாரும் வாக்குச்சீட்டை நீட்டவில்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

அந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவு கவனிக்க வேண்டியது. இப்பகுதிகளின் தனி நிர்வாக நிலையில் எந்த அரசியலமைப்பு மாற்றம் செய்தாலும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது அது. 1979-இல் தமிழ்நாட்டோடு சேர்க்கப்போவதாக தில்லியில் பேச்சு எழுந்தபோது, புதுச்சேரி தெருவில் இறங்கியது, திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் மாநில அந்தஸ்து என்றால் எல்லாக் கட்சிக்கும் மக்கள் விருப்பம் ஞாபகம் வந்துவிடுகிறது.

சரி, கொம்யூன் பஞ்சாயத்து என்றால்? 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006-இல். இடையில் 38 வருசம்! தலித்துகளுக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீட்டோடு பஞ்சாயத்துகள் அமைய வேண்டும் என்று 73-வது திருத்தம் 1993-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் 13 வருசம் காத்திருக்க வைத்தார்கள். 2006-இல் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் மறுபடி தேர்தலே நடக்கவில்லை. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். சட்டமன்றத் தேர்தலுக்கு மட்டும் இந்த வில்லங்கம் எதுவும் குறுக்கே வந்ததில்லை.

இதில் நட்டம் யாருக்கு? ஊர்த்தெருக்காரருக்கு எம்.எல்.ஏ. வீட்டுத் திண்ணை இருக்கிறது, அதிகாரியிடம் பேச சொந்தக்காரர் இருக்கிறார். சேரிக்கு இருப்பது மனு மட்டுந்தான். தெருவிளக்கு, குடிதண்ணி, சுடுகாட்டுக்குப் போகிற பாதை எல்லாவற்றுக்கும் ஆணையர் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். ஒதுக்கீட்டு வார்டில் ஜெயித்து வருகிற நம்ம பொம்பளை ஒருத்தி அந்த அலுவலகத்துக்குள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இந்த வருசக் கணக்கைக் காட்டுங்க" என்று கேட்பாள். தேர்தல் தள்ளிப்போவதால் தப்பிக்கிறவர்கள் யார் என்று இதிலிருந்தே தெரியும்.

மாநில அந்தஸ்து கேட்டு மேடை போடுகிற தலைவர்கள் நெடுங்காட்டுப் பக்கம் வரும்போது, கொம்யூன் தேர்தலுக்கு எந்தத் தேதி என்று கேளுங்கள். தேதி சொல்லாதவரை அவர்கள் மேடைக்கு ஆள் சேர்க்க நாம் போகவேண்டியதில்லை.