பயம் பலவீனம் அல்ல



அலைச் சத்தம் சற்றுக் கூடினால் இன்றும் எனக்குக் கைகால் நடுங்கும். 2004 டிசம்பர் 26 அன்று கல்முனைக்குடியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். "இத்தனை வருஷமாகியும் என்ன பயம்? ஜின் கோளாறாக இருக்கும்" என்பார் பக்கத்து வீட்டு மாமி. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

காரணம் நம் தலைக்குள் இருக்கிறது. சுமார் 1.4 கிலோ எடையுள்ள மூளையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வேலை. பெரிய பகுதியான மூளையம் சிந்திக்கவும் பேசவும் வைக்கிறது. பின்புறமுள்ள மூளி உடலைச் சமநிலையில் வைத்திருக்கிறது. நீள்வளைய மையவிழையம் மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனிக்கிறது.

மூளையின் உட்புறத்தில் வாதுமைப் பருப்பு வடிவில் அமிக்டலா உள்ளது. ஆபத்தை உணர்ந்து உடலை உஷார்ப்படுத்தும் காவல்காரன் அது. அதையடுத்துக் கடற்குதிரை வடிவில் ஹிப்போகாம்பஸ் உள்ளது. எது, எங்கே, எப்போது நடந்தது என்று பதிந்து வைப்பது அதன் வேலை. பேரதிர்ச்சிக்குப் பின் சிலருக்குக் காவல்காரன் ஓயாமல் விழித்திருக்கிறான். "அது முடிந்துபோன சம்பவம்" என்று மற்றப் பகுதிகள் சொல்வது அவனுக்கு எட்டுவதில்லை. அதனால்தான் சாதாரண அலையும் சுனாமியாகக் கேட்கிறது.

இது ஈமான் குறைவும் அல்ல, பைத்தியமும் அல்ல. பயம் வரும்போது காலை நிலத்தில் ஊன்றி, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். கண்முன் இருக்கும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். தூக்கம் கெட்டால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

நான் வெட்கப்பட்டுக்கொண்டுதான் போனேன். இப்போது மாமியையும் அழைத்துப் போகிறேன். யுத்த காலத்து இரவுகள் அவருக்கும் இருக்கின்றன.