ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா போதுமா?

நம்ம லேப் சர்வர் திங்கட்கிழமை பறக்கும். வெள்ளிக்கிழமை, பர்லியாரிலிருந்து குன்னூருக்கு லோடு லாரி ஏறுற மாதிரி முனகும். உடனே எல்லாரும், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு!" சரியாயிடும். அடுத்த வெள்ளி மறுபடி அதே கதை.

இது வைத்தியமே இல்லை என்பது என் கருத்து. லைப்ரரியில் எடுத்த புத்தகத்தை யாரும் திருப்பித் தராவிட்டால் அலமாரி காலியாகும் அல்லவா? புரோகிராம் வாங்கின மெமரியைத் திருப்பாவிட்டாலும் அப்படித்தான். ஆஃப் பண்ணினால் தடயமும் போச்சு.

1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிய பேட்ரியாட் ஏவுகணைக் கருவியின் நேரக் கணக்கு மூன்றில் ஒரு வினாடி பிசகியது. ஸ்கட் ஏவுகணையைத் தடுக்க முடியவில்லை. 28 அமெரிக்க வீரர்கள் பலி. "ரொம்ப நேரம் ஓட்டினால் பிசகும்" என்று முன்பே தகவல் போயிருந்தது. எத்தனை மணி நேரம்னு மட்டும் சொல்லலை! திருத்திய புரோகிராம் மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

அதனால் நமக்கு எண் வேணும். தினமும் சாயங்காலம், லேப் காலியானதும், எவ்வளவு மெமரி, எத்தனை டேட்டாபேஸ் இணைப்பு, டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று எழுதணும். நாளுக்கு நாள் எது ஏறுதோ அதைத்தான் முதலில் பிடிக்கணும். நோட்டு சர்வர் மேலேயே இருக்கு. திங்கள், செவ்வாய் நான் எழுதிட்டேன். புதன்கிழமை யாரு?

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி