வழித்தடம்: அண்ணன் காட்டிய தயவா, சட்டம் தரும் பாத்தியமா?

‘‘எங்கள் மாமனாருக்கு 4 ஏக்கர் நிலம் இருந்தது. 1998-ம் ஆண்டு, அவருடைய இரண்டு மகன்களும் ஆளுக்கு 2 ஏக்கர் என்று பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொண்டார்கள். தார்ச்சாலையை ஒட்டிய பங்கு என் கணவரின் அண்ணனுக்கும், உள்ளே இருக்கும் பங்கு எங்களுக்கும் வந்தது. அண்ணன் தயவில், அவர் நிலத்தின் கிழக்கு வரப்பை ஒட்டிய தடத்தில்தான் இத்தனை வருஷமாக வண்டி, டிராக்டர் ஓட்டிப் போய் வந்தோம். என் கணவர் இறந்துவிட்டார். அண்ணனும் தன் நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் 5 வாரத்துக்கு முன்பு கல் நட்டு, கம்பி வேலி போட்டுத் தடத்தை அடைத்துவிட்டார். ‘என் கிரையப் பத்திரத்தில் பாதை எதுவும் இல்லை. ஓடைக்கரை வழியாகப் போய்க்கொள்ளுங்கள்’ என்கிறார். ஓடைக்கரையில் ஆள் நடக்கலாம்; வண்டி போகாது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்க வேண்டிய நேரம். லாரி உள்ளே வராவிட்டால் கிழங்கு காட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். என்ன செய்வது?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்.

வாசகியின் கடிதத்தில் ஒரு சொல்லை முதலில் கவனிக்க வேண்டும். ‘அண்ணன் தயவில்’ என்று எழுதியிருக்கிறார். உறவுக்குள் மரியாதைக்காகச் சொல்லும் சொல்தான். ஆனால், இதே சொல் மனுவிலோ, காவல் நிலையத்தில் கொடுக்கும் வாக்குமூலத்திலோ இடம்பெற்றால், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். தயவு என்றால் அனுமதி. அனுமதியைக் கொடுத்தவர் பொதுவாக எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். நிலம் கைமாறினால், வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. பாத்தியம் என்றால் உரிமை. அது நிலத்தோடு ஒட்டியது. நிலம் யார் கைக்குப் போனாலும் கூடவே போகும். வாசகியின் குடும்பத்துக்கு இருந்தது இரண்டில் எது என்பதில்தான் இந்தப் பிரச்னையின் முடிவு இருக்கிறது.

பாதை உரிமை எப்படி வருகிறது?

இதற்கான சட்டம், 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். இதன்படி, அடுத்தவர் நிலத்தில் வழி கேட்கும் உரிமை முக்கியமாக மூன்று வகைகளில் வரும்.

முதலாவது, பத்திரம். பாகப்பிரிவினையிலோ, கிரையத்திலோ ‘மாமூல் தடப் பாத்தியம்’, ‘வழிநடைப் பாத்தியம்’, ‘வண்டி, வாகனம், கால்நடை போக வர உரிமை’ என்று எழுதியிருந்தால் அதுதான் வலுவான ஆதாரம். வாசகி 1998-ம் ஆண்டுப் பத்திரத்தின் கடைசிப் பக்கம் வரை, சொத்து விவரம் உட்பட வரி வரியாகப் படிக்க வேண்டும். பலரும் சர்வே எண்ணையும் பரப்பையும் மட்டும் பார்த்துவிட்டு, அதன் கீழே இருக்கும் இந்த வரியைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, அவசியம். ஒரே நிலமாக இருந்ததைப் பங்கு பிரிக்கும்போது, ஒரு பங்குக்குப் போக மற்றொரு பங்கின் வழியைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் பாதை உரிமை உண்டு என்கிறது 13-வது பிரிவு. அந்தத் தடம் நிலத்தின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை, முன்னால் உள்ள பங்கின் உரிமையாளர் காட்டலாம். ஆனால், அது நியாயமான வசதி உள்ளதாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வேறு வழி இருந்தால், அது சுற்று வழியாக, சிரமமானதாக இருந்தாலும் ‘அவசியம்’ என்ற வாதம் நிற்காது என்பதே நீதிமன்றங்களின் பொதுவான நிலை. எதிர்த்தரப்பு ஓடைக்கரையைக் காட்டுவது இதற்காகத்தான். எனவே, அந்தக் கரை புறம்போக்கா, பட்டா நிலமா, அதில் போக வாசகிக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா, அதன் அகலம் எவ்வளவு என்பதை அளந்து, படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவசியத்தால் வந்த உரிமை, அவசியம் தீர்ந்தால் முடிந்துவிடும். பத்திரத்தால் வந்த உரிமை அப்படி முடியாது என்று 2006-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

மூன்றாவது, நீண்ட கால அனுபவம். 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, சண்டையில்லாமல், உரிமையோடு ஒரு தடத்தைப் பயன்படுத்தியிருந்தால், 15-வது பிரிவின்படி அது பாத்தியமாகிவிடும். அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள். அனுமதி கேட்டுப் போய் வந்திருந்தால், 40 ஆண்டுகள் ஆனாலும் இந்தக் கணக்கில் சேராது. வாசகியைப் பொறுத்தவரை, நிலம் பிரிந்த 1998-ல் இருந்துதான் கணக்கு தொடங்கும். அதற்கு முன்பு எல்லாம் ஒரே குடும்பத்தின் நிலம் என்பதால் சேராது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்த 20 ஆண்டு அனுபவம், வழக்கு போடும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். ‘பேசிப் பார்ப்போம்’ என்று தடம் அடைக்கப்பட்ட பிறகு 2 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தால், இந்த வாதத்தை இழக்க நேரிடும்.

மூன்று காரணங்களையும் வழக்கில் சேர்த்தே முன்வைக்கலாம். எதையும் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. பங்கு பிரித்த நாளில் இருந்து, யாரிடமும் கேட்காமல், தங்கள் பங்குக்கு உரிய தடமாக நினைத்துப் போய் வந்திருந்தால், அதை அப்படியே சொல்ல வேண்டும். பழக்கத்தில் ‘தயவு’ என்று சொல்லிவிடக் கூடாது.

உடனே செய்ய வேண்டியவை

வேலியை வெட்டக் கூடாது. பாத்தியம் நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும், அடைப்பைத் தானே அகற்ற உரிமை இல்லை என்று 36-வது பிரிவு சொல்கிறது. மீறினால், கேட்டு வந்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.

கைகலப்பு வரும் சூழல் இருந்தால், காவல் நிலையத்திலும் கோட்டாட்சியரிடமும் மனு கொடுக்கலாம். நிலத்தையோ, நீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறில், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 166-வது பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 147) நிர்வாக நடுவர் விசாரித்துத் தடையை நீக்க உத்தரவிட முடியும். ஆண்டு முழுக்கப் பயன்படுத்தும் பாதை என்றால், புகார் சேரும் நாளுக்கு முந்தைய 3 மாதங்களுக்குள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். வேலி போட்டு 5 வாரம் ஆகிவிட்டதால், வாசகிக்கு இருப்பது இன்னும் சில வாரங்கள்தான். இந்த உத்தரவும் இறுதியானது கிடையாது. உரிமையை முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றமே.

அங்கே, பாதை உரிமையை உறுதி செய்யவும், வேலியை அகற்றவும், மீண்டும் தடுக்காமல் இருக்கவும் வழக்கு போட வேண்டும். அறுவடை நிற்பதால், இடைக்கால உத்தரவும் கேட்க வேண்டும். தடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படி தனியாக மனு போடலாம். மழை பெய்து, டிராக்டர் சக்கரத் தடம் அழிவதற்குள் அவர் வந்து பார்ப்பது நல்லது. நிலம் கணவர் பெயரில் இருப்பதால், வாரிசுகள் அனைவரும் வழக்கில் சேர வேண்டும். பவர் ஏஜென்ட்டை மட்டும் அனுப்பிச் சாட்சி சொல்ல வைப்பது போதாது. தனக்கு நேரடியாகத் தெரியாததைப் பற்றி அவர் சாட்சி சொல்ல முடியாது என்பதை 2024-ல் ஒரு பாதை வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. வாசகியே கூண்டேறிச் சொல்ல வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

* 1998 பாகப்பிரிவினைப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம்.

* வாங்கியவரின் கிரையப் பத்திர நகல். சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் நகல் பெறலாம். அதன் நான்கெல்லையில் ‘தடத்துக்கு மேற்கு’ என்பது போன்ற ஒரு சொல் இருந்தால், அதுவே அவருக்கு எதிரான சாட்சி.

* இரண்டு பங்குகளுக்குமான புலப்படம், கிராம வரைபடம், ‘அ’ பதிவேட்டு நகல். அங்கே ‘வண்டிப்பாதை’ என்று அரசுக் கணக்கில் இருந்தால், அது ஆக்கிரமிப்பு. வட்டாட்சியரிடமே மனு கொடுக்கலாம். புலப்படத்தில் தடம் இல்லை என்பதாலேயே உரிமை இல்லை என்று ஆகிவிடாது.

* பழைய போட்டோக்கள், கிழங்கு ஏற்றிய லாரி வாடகை ரசீதுகள், பக்கத்துக் காட்டுக்காரர்களின் சாட்சி.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்; 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கவும் வழி இருக்கிறது. வாங்கியவருக்கும் நியாயம் உண்டு. நிலத்துக்குத் தொந்தரவு குறைவாக இருக்கும்படி, தடத்தை ஓர் ஓரமாக ஒதுக்கும்படி அவர் கேட்கலாம். அதற்குச் சம்மதித்து, அளவோடு எழுதி வாங்கினால், இரண்டு பக்கமும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.

‘‘பக்கத்துக் காட்டுக்காரர் என் நிலத்தின் வழியாக டிராக்டர் ஓட்டுகிறார். நல்ல மனிதர். தடுக்க மனமில்லை. ஆனால், பின்னாளில் உரிமை கேட்பாரோ என்று பயமாக இருக்கிறது.’’

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

தடுக்கவே வேண்டாம், எழுதி வாங்கினால் போதும். ‘உங்கள் அனுமதியின் பேரில் இந்தத் தடத்தைப் பயன்படுத்துகிறேன். கேட்கும்போது நிறுத்திக்கொள்வேன்’ என்று தேதியிட்டு அவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ஆண்டுக்கொரு முறை புதுப்பித்துக்கொள்ளலாம். அனுமதி என்று எழுத்தில் இருக்கும்வரை, 20 ஆண்டுக் கணக்கு ஓடாது. அந்தத் தடத்தில் அவர் செலவு செய்து தரைப்பாலம், சிமென்ட் சாலை போன்ற நிரந்தர வேலை எதையும் செய்ய விட வேண்டாம். அனுமதியை நம்பி அப்படிச் செலவு செய்துவிட்டால், 60-வது பிரிவின்படி அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

‘‘பாகம் பிரிக்கப் போகிறோம். பாதையைப் பத்திரத்தில் எப்படி எழுத வேண்டும்? அதே தடத்தில் பைப்லைனும் போட்டுக்கொள்ளலாமா?’’

- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

ஒரு வகைப் பாதை உரிமையில் இன்னொரு வகை அடங்காது. நடந்து போகும் உரிமை, வண்டி ஓட்டும் உரிமை ஆகாது. வண்டித்தடம் இருக்கிறது என்பதற்காக அதன் அடியில் பைப் பதிக்கவும் முடியாது. அதனால், ‘போக வர வழி உண்டு’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடக் கூடாது. எந்த சர்வே எண்ணில், எந்தப் பக்கம், எத்தனை அடி அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஆள், கால்நடை, டிராக்டர், அறுவடை இயந்திரம், லாரி இவற்றில் எவை போகலாம், பைப்லைனும் மின்கம்பியும் பதிக்கலாமா, பராமரிப்புச் செலவு யாருடையது என்பதையெல்லாம் எழுத வேண்டும். வரைபடம் இணைத்து, எல்லோரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். இன்று அறுவடை இயந்திரம் வந்து திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று வயலில் நின்று அளந்த பிறகு அகலத்தை எழுதுங்கள். அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும் நாளில்தான் இதைச் சுலபமாக எழுத முடியும்.