மௌனம் நம்பிக்கையைக் குலைக்கும்

மில் சங்கொலி கேட்டு எழுந்த தலைமுறைகள் கோவையில் உண்டு. நலிந்த பஞ்சாலைகளைக் காக்க 1974-இல் மத்திய அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கம்போடியா, பங்கஜா, கோவை முருகன் உள்ளிட்ட நம் பகுதி மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. பின்னர் தனியார் மில்கள் ஓடின, இவை முழுமையாக ஓடவில்லை. பாதிச் சம்பளமும் தாமதமாயிற்று. தொழிலாளர் கேட்டது ஒன்றே: திறப்பீர்களா, மூடுவீர்களா? ஆண்டுகள் கடந்தும் தெளிவான பதில் வரவில்லை.

பழைய இயந்திரம், நட்டம், போட்டி ஆகியவற்றால் மாற்றம் தேவைப்பட்டிருக்கலாம். கசப்பான உண்மையாயினும் சொல்லிவிட்டால், தொழிலாளி வேறு வேலை தேடுவார். பிள்ளையின் படிப்புக்கு வழி பார்ப்பார். சொல்லாதபோது வதந்தியே நிர்வாகம் நடத்துகிறது. பிறகு தலைமை நல்லதே சொன்னாலும் நம்ப ஆளிருக்காது.

தொழிலாளரும் முதலாளியும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள் என்று 1891-லேயே திருத்தந்தை 13-ஆம் லியோ தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். தெரிந்ததை நேரில் சொல்வதும், தெரியாததைத் தெரியாது என்பதும், முடிவுக்கு நாள் குறிப்பதும் அக்கடமையில் அடங்கும்.

நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் சங்கங்களிலும் மாற்றங்கள் வருகின்றன. அதனால் பாதிக்கப்படுவோர் செய்தியை முதலில் யாரிடமிருந்து அறிகிறார்கள்? நம்மிடமிருந்தா, தேநீர்க் கடையிலிருந்தா? சிந்திப்போம்.