இடிப்பதும் பொறியியல் பணியே

வீட்டுப் புதுப்பிப்பு எஸ்டிமேட் எதை எடுத்தாலும் டைல்ஸ், பெயின்ட், மாடுலர் கிச்சன் என ஒவ்வொன்றுக்கும் அளவும் விலையும் வரிவரியாக இருக்கும். உள் இடிப்புக்கு மட்டும் ‘இடித்து அப்புறப்படுத்த, மொத்தமாக’ என்று ஒரே வரி. வேலையிலேயே ஆபத்து மிகுந்த கட்டத்தை அந்த ஒரு வரியோடு மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறோம். இந்த வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

சென்னையின் பழைய அடுக்ககங்கள் பலவற்றில் 9 அங்குலச் செங்கல் சுவரே மேல்தளங்களைத் தாங்குகிறது. ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்கக் கேட்கும் வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வரைபடம் கிடைக்காத இடத்தில் பூச்சைக் கொத்தி பீம் இருக்கிறதா என்று பார்ப்பதும், மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் அதே கோட்டில் சுவர் வருகிறதா என்று அளப்பதும் பொறியாளரின் கடமை. நாலரை அங்குலச் சுவரிலும் அவசரம் கூடாது. லிண்டலோடு சேர்த்து வார்த்த லாஃப்டும் சன்ஷேடும் பெரும்பாலும் மேலுள்ள சுவரின் எடையால்தான் கவிழாமல் நிற்கின்றன. முட்டுக் கொடுக்காமல் மேற்சுவரை உடைத்தால் அவை கீழே நிற்கும் ஆளின் மேல் சரியும்.

அடுத்த ஆபத்து, உடைத்ததைக் குவிப்பதில் இருக்கிறது. குடியிருப்பு அறைகளுக்கு ஐ.எஸ். 875 தரும் லைவ் லோடு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. உடைந்த செங்கலைக் கன மீட்டருக்கு 1,200 கிலோ என்று வைத்தாலும், ஓரடி உயரக் குவியல் சதுர மீட்டருக்கு 360 கிலோவைத் தாண்டும். அன்றைய ரப்பிஷை அன்றே மூட்டை கட்டிக் கீழே இறக்கியாக வேண்டும்.

ஆகவே இடிப்புக்குத் தனி வரைபடமும் தனி ஒப்பந்தமும் வேண்டும். எடுக்கும் சுவர், தொடக்கூடாத சுவர், முட்டு நிற்கும் இடம் மூன்றையும் வரைபடத்தில் குறித்து, சுவரிலும் சாயத்தால் அடையாளமிட வேண்டும். இடிப்பைத் தொடங்குமுன் மின்சாரம், தண்ணீர், எரிவாயு இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும். ஐ.எஸ். 4130 வலியுறுத்தும் ஒழுங்கும் இதுவே. கழற்றும் கதவு, ஜன்னல், கம்பி யாருக்குச் சேரும், ரப்பிஷ் எங்கே போகும், பக்கத்து வீட்டில் விரிசல் விழுந்தால் யார் பொறுப்பு என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர்களை முன்னதாகவே படமெடுத்து வைப்பது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும்.

ஆள் எடுக்கும்போது கூலியை மட்டும் பேசி முடிக்கக் கூடாது. பிரேக்கர் ஓட்டிப் பழகியவரா, காப்பீடு உண்டா என்று கேட்க வேண்டும். துணைக் கான்ட்ராக்டரின் ஆள் அடிபட்டாலும் முதன்மைக் கான்ட்ராக்டர் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் என்கிறது சட்டம். சிமென்ட் பூச்சிலும் டைல்ஸிலும் எழும் சிலிக்கா தூசி நுரையீரலை மீட்க முடியாதபடி கெடுக்கும். வாயில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. நனைத்து உடைப்பதற்கான நேரத்தையும் முறையான முகக்கவசத்தின் விலையையும் எஸ்டிமேட்டிலேயே சேர்க்க வேண்டும்.

கழிவைப் பிரித்து வைக்கும் பொறுப்பு அதை உண்டாக்குபவருடையது என்று 2016-ஆம் ஆண்டின் கட்டுமான, இடிப்புக் கழிவு விதிகளே சொல்லிவிட்டன. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மறுசுழற்சி ஆலைகள் இருக்க, செங்கல்லும் கான்கிரீட்டும் ஏரிக்கரையில் கொட்டப்படுவதற்கு நாம் உடன்படலாகாது.

இவற்றால் எஸ்டிமேட் கூடும். ஏன் கூடுகிறது என்று வீட்டுக்காரரிடம் விளக்கிச் சொல்லுங்கள். இவற்றைக் குறைத்துத்தான் வேலை பிடிக்க முடியும் என்றால், அந்த வேலையை ஏற்காதீர்கள்.