ஐயத்திற்கு ஒரு பெயர்



சுபுஹு நேரத்தில் எவரும் எழுப்பாமலே எழுந்து ஒளுச் செய்யும் பிள்ளையைக் கண்டால், எந்தத் தாயின் உள்ளந்தான் குளிராது? ஆனால், அப்பிள்ளை முக்கால் மணி நேரமாகியும் குழாயடியை விட்டு அகலாதிருந்தால்? முழங்கை நனைந்ததா, தலையைத் தடவினோமா, நிய்யத்து வைத்தோமா என்று அஞ்சி அஞ்சி, மீண்டும் மீண்டும் தொடக்கத்திலிருந்தே கழுவினால்? விரல்கள் வெடித்துக் குருதி கசிய, எந்தத் தொழுகைக்காக ஒளுச் செய்ததோ அந்தத் தொழுகையின் நேரமே தவறிப் போனால்?

தென்கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வாழும் தம் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கித் திரும்பினார். அங்கே தம் பதினாறு வயதுப் பேத்தியின் நிலையை அவர் கண்டது இவ்வாறுதான். முதலில் வீட்டார் அதைப் பேணுதல் என்று எண்ணி மகிழ்ந்தனர். பின்னர்ப் பிடிவாதம் என்று கருதிக் கடிந்தனர். "இப்படித் தண்ணீரை வீணாக்கினால் உன் தொழுகையே கூடாது" என்று தந்தை ஒரு நாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பெண்ணின் அச்சம் இருமடங்காயிற்று. பாட்டியோ, கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "வாப்பும்மா, கூடிவிட்டதா?" என்று பேத்தி கேட்கும் ஒவ்வொரு முறையும், "கூடிவிட்டது கண்ணு, வெளியே வா" என்று விடை கூறிக்கொண்டிருந்தார். நாளொன்றுக்கு இருபது முறை, முப்பது முறை கேள்வி. அத்தனை முறையும் விடை.

இந்நிலையில் அப்பெண்ணின் தாயார் ஊரிலிருந்த பொது நூலகத்திற்குச் சென்றார். நூலகத்தில் இதற்கு என்ன தீர்வு கிடைக்கும் என்று நீங்கள் வியக்கலாம். அதை விளக்கவே இம்மாதம் இப்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன்.

அமெரிக்கப் பொது நூலகங்கள் கதை நூல்களை இரவல் தருவதோடு நிற்பதில்லை. உள்ளூர் மக்கள் செலுத்தும் வரிப்பணத்தில் நடைபெறும் அந்நூலகங்கள், தனி மனிதர் விலை கொடுத்து வாங்க இயலாத ஆய்வுத் தொகுப்புகள் பலவற்றுக்கும் சந்தா செலுத்தி வைக்கின்றன. அவ்வூரில் குடியிருப்போருக்கு நூலக அட்டை இலவசம். அவ்வட்டையின் எண்ணைக் கொண்டு சில தொகுப்புகளை வீட்டிலிருந்தே திறக்கலாம். சிலவற்றை நூலகத்தின் கணினியில் அமர்ந்தே பார்க்க வேண்டும். எந்தத் தொகுப்பு எந்த நூலகத்தில் உண்டு என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். கேட்டால் நூலகர் சொல்வார்.

உளவியல் துறைக்கென உள்ள அத்தகைய தொகுப்புகளுள் தலையாயது 'சைக்இன்ஃபோ' என்பதாகும். 1892-ல் தோன்றிய அமெரிக்க உளவியல் சங்கம் இதனை நடத்தி வருகிறது. உலகெங்கும் வெளியாகும் உளவியல் ஆய்வுகளின் சுருக்கங்களை அச்சங்கம் 1927 முதல் அச்சு இதழாக வெளியிட்டது. 1967-ல் அப்பணி கணினிக்கும் ஏறியது. 2006-ல் அச்சு இதழ் நின்றுபோயிற்று. இன்று அத்தொகுப்பில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் குறிப்புகள் அடங்கியுள்ளன.

இத்துணைப் பெரிய கடலில் நமக்கு வேண்டிய முத்தை எடுப்பது எங்ஙனம்? அத்தாயார் முதலில் தட்டச்சு செய்தது, "அதிகமாகத் தொழும் பெண், கழுவிக்கொண்டே இருக்கிறாள்" என்னும் பொருள்படும் நீண்ட வாக்கியம். பயனுள்ளதாக எதுவும் வரவில்லை. அருகில் வந்த நூலகர், "உங்கள் மக்கள் இதனை எப்பெயரால் அழைப்பர்?" என்று கேட்டாராம். அத்தாயார் சிறிது தயங்கி, "வஸ்வாஸ்" என்றார்.

அந்தக் கேள்வியில்தான், சகோதரிகளே, தேடுதலின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நாம் வீட்டில் வழங்கும் பெயர் வேறு. ஆய்வாளர் வழங்கும் பெயர் வேறு. இரண்டையும் இணைப்பதற்கென்றே அத்தொகுப்பில் ஒரு சொல்லடைவு உண்டு. 1974-ல் முதன்முதலாக நூல் வடிவில் வந்த அது, ஒவ்வொரு பொருளுக்கும் ஆய்வுலகம் ஏற்ற ஒரே பெயரைக் குறிப்பிடுகிறது. நூலகர் அதனைப் புரட்டி, இந்நோய்க்குரிய பெயர் 'அப்செசிவ் கம்பல்சிவ் டிஸார்டர்' என்று காட்டினார். தமிழ் மருத்துவ உலகம் 'எண்ணச் சுழற்சி நோய்' என்று குறிப்பிடுவது இதனையே.

அடுத்து, சொற்களை இணைக்கும் முறை. அரபுச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதுவோர் வஸ்வாஸ், வஸ்வஸா, வஸ்வஸாஹ் எனப் பலவாறாக எழுதுகின்றனர். இவற்றை 'ஆர்' என்னும் சொல்லால் இணைத்தால், எது வந்தாலும் கிடைக்கும். நோயின் பெயரையும் 'முஸ்லிம்கள்' என்பதையும் 'ஆண்ட்' என்னும் சொல்லால் இணைத்தால், இரண்டும் சேர்ந்து வரும் ஆய்வுகள் மட்டும் கிடைக்கும். முன்னது வலையை விரிக்கும்; பின்னது வலையைச் சுருக்கும். அதன் பிறகு வயது வரம்பைக் குறிக்கலாம். 13 முதல் 17 வயது வரையிலான பருவத்தினருக்கெனத் தனிப்பிரிவே உண்டு. ஒற்றை ஆய்வுகளை விடுத்து, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட கட்டுரைகளை மட்டும் காட்டுமாறும் கேட்கலாம்.

வயது வரம்பை இடுவதற்கு முன்னரே அவர்கள் கண்ணில் பட்ட ஒரு கட்டுரை, உடன் சென்றிருந்த மூதாட்டியைக் கலங்க வைத்துவிட்டது. 2015-ல் ரானியா அவாத், சாரா அலி என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை அது. பல்க் நகரப் பகுதியில் பிறந்து 934-ல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் பற்றி அரபு மொழியில் ஒரு நூல் இயற்றினார். ஓயாது மனத்தை அரிக்கும் எண்ணங்களை அந்நூலில் அவர் விவரித்திருப்பதை, இன்றைய மருத்துவர் கையாளும் நோய் இலக்கணத்தோடு அக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞர் ஒருவர், உடல் நோயுறுவது போலவே உள்ளமும் நோயுறும், அதற்கும் மருத்துவம் உண்டு என்று எழுதிவைத்திருக்க, நாமோ இன்றும் அதனை ஈமானின் குறைவு என்று பேசிப் பிள்ளைகளை நோகடிக்கிறோமே என்று அம்மூதாட்டி என்னிடம் வருந்தினார்.

ஆனால் அவரை உலுக்கிய செய்தி வேறொன்று. இந்நோயுற்றோரின் வீட்டாரைப் பற்றிய ஆய்வுகள் 1995 முதல் பல வந்துள்ளன. நோயாளி கேட்கும்போதெல்லாம் "சரியாகத்தான் செய்தாய்" என்று உறுதி கூறுவது, அவருக்காகக் காத்து நிற்பது, அவருடைய சடங்குக்கு வீட்டு வழக்கத்தையே மாற்றிக்கொள்வது ஆகிய அனைத்தும் அந்நேரத்துக்கு அமைதி தரும். நாளடைவில் நோயையே வளர்க்கும் என்பது அவற்றின் முடிவு. அன்பு மிகுதியால் நாளொன்றுக்கு முப்பது முறை சொல்லிய "கூடிவிட்டது கண்ணு" என்னும் சொல், பேத்தியின் நோய்க்குத் தாம் இட்ட தீனி என்பதை அப்பாட்டி அன்று அறிந்தார். தந்தையின் கடுஞ்சொல் ஒருபுறம் தீங்கு செய்ததென்றால், பாட்டியின் இன்சொல் மறுபுறம் அதே தீங்கைச் செய்திருந்தது. இருவரும் நன்மையையே நாடினர். இருவருக்கும் நோயின் பெயர் தெரிந்திருக்கவில்லை.

இந்நோய் அரிதானதன்று. அமெரிக்காவில் 2010-ல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு 2.3 பேர் தம் வாழ்நாளில் இதற்கு ஆளாகின்றனர் என்று கணக்கிட்டது. சிகிச்சையும் உண்டு. அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்து, கழுவும் உந்துதலுக்கு இணங்காதிருக்கப் பழக்கும் முறையை 1966-ல் விக்டர் மேயர் என்பவர் இலண்டனில் எழுதி வெளியிட்டார். இன்றும் முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்றாக அது திகழ்கிறது. தேவையாயின் மருந்தும் தருவர்.

இவ்விடத்தில் மூன்று எச்சரிக்கைகளைக் கூறாவிடில் நான் என் கடமையில் தவறியவனாவேன்.

முதலாவது, இத்தொகுப்பில் பெரும்பாலும் கிடைப்பது ஆய்வின் சுருக்கமே. சுருக்கத்தை மட்டும் படித்து முடிவு கட்டுதல், குத்பாவின் முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டு எழுந்து வருவதை ஒக்கும். முழுக் கட்டுரை வேண்டின், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருமாறு நூலகரைக் கேட்கலாம்.

இரண்டாவது, ஒற்றை ஆய்வை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். 2015-ல் உளவியல் ஆய்வுகள் 100-ஐ வேறு அறிஞர்கள் மீண்டும் செய்து பார்த்தபோது, ஏறத்தாழ 36 விழுக்காட்டில்தான் தெளிவான அதே முடிவு கிட்டியது. ஆய்வுக்கு உட்பட்டோர் எந்நாட்டினர், எத்தனை பேர் என்பதையும் நோக்குங்கள்.

மூன்றாவது, படிப்பு மருத்துவருக்கு ஈடாகாது. நோயின் பெயரைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே. நாம் தேடிப் படிப்பது, அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்காக.

அக்குடும்பத்தினர் அவ்வாறே செய்தனர். மருத்துவரிடம் சென்றனர், அவர் அதே பெயரைக் கூறினார். பள்ளிவாசல் இமாமையும் கண்டனர். உறுப்புகளை மும்முறைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ் என்பதையும், ஒளு உறுதியாக இருக்க, முறிந்ததோ என்னும் வெறும் ஐயத்தால் அது முறியாது என்று ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் இரண்டும் கூறுவதையும் அவர் ஒரே ஒரு முறை எடுத்துரைத்தார். "மகளே, இனி இதனை என்னிடம் மீண்டும் கேட்கலாகாது" என்றும் அன்போடு சொல்லியனுப்பினார். மருத்துவர் கேட்டுக்கொண்டதும் அதுவே. நோய் முற்றும் நீங்கிவிட்டது என்று மூதாட்டி கூறவில்லை. தாம் ஊர் திரும்பிய வாரத்தில், பேத்தி பத்து நிமிடத்தில் குழாயடியை விட்டு வந்து, தம் அருகில் நின்று சுபுஹு தொழுதாள் என்று மட்டும் கூறினார். கதவுக்கு வெளியே நின்ற தமக்கு விடை கூறாதிருப்பதுதான் வாழ்நாளிலேயே கடினமான செயலாக இருந்தது என்றும் சொன்னார்.

அயல்நாட்டு நூலக அட்டை நமக்கேது என்று எண்ணிச் சோர்வடைய வேண்டாம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் 'பப்மெட்' என்னும் தொகுப்பு 1997 முதல் உலகிலுள்ள யாவருக்கும் இலவசம். மனநல ஆய்வுகளின் சுருக்கங்கள் அதிலும் ஏராளம். முஸ்லிம்களின் மனநலத்துக்கெனவே 2006-ல் தொடங்கிய ஆய்விதழ் ஒன்றையும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். கல்லூரியில் பயிலும் உங்கள் மகனையோ மகளையோ அருகில் அமர்த்தித் தேடச் சொல்லுங்கள். உடனடி ஆலோசனை வேண்டுவோர், நம் நாட்டில் 2022 முதல் இயங்கும் 'டெலி மனாஸ்' என்னும் அரசு மனநல உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

கல்வியைத் தேடுவதைக் கடமையாகப் பெற்ற சமுதாயம் நாம். உங்கள் வீட்டுக் குழாயடியிலும் தண்ணீர் ஓயாது ஓடிக்கொண்டிருக்குமானால், கடிந்துகொள்வதற்கு முன் அந்த ஐயத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். நம் பிள்ளைகளின் உடலுக்கும் உள்ளத்துக்கும் வல்ல அல்லாஹ் நலனை அருள்வானாக! இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.